ஜேன் ஒஸ்டினும் தீராத சீதனக் கேள்வியும்

ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஒஸ்டின் பிறந்து 250 ஆண்டுகள் 2025 டிசம்பரில் நிறைவெய்தின. அவர் எழுதி முடித்த பெரிய நாவல்கள் ஆறு மட்டுமே. அவற்றைத் தழுவி எழுந்த கதைகளும் திரைப்படங்களும் கணக்கிலடங்கா. 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலின் எலிசபெத்தையும் டார்சியையும் புதிது புதிதாகச் சந்திக்கவைத்து, பிணங்கவைத்து, ஈற்றில் மணமுடித்து வைக்கும் மென்காதல் கதைகள் இன்றும் வெளிவந்துகொண்டிருக்கின்றன. ஆபாசம் கலவாதவை என்பதால், பெற்றோர் தயக்கமின்றி மகளின் கையில் கொடுக்கத்தக்கவை என அவை பெயர் பெற்றுள்ளன. ஆனால் அந்த இனிமைக்கு மூலமான பெண்மணியின் வாழ்க்கை அத்தனை இனிமையானதன்று.

1775 டிசம்பர் 16 ஆம் திகதி, இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயர் மாவட்டத்தைச் சேர்ந்த ஸ்டீவன்டன் கிராமத்தில் ஜேன் பிறந்தார். தந்தை ஜோர்ஜ் ஒஸ்டின் அவ்வூர்த் தேவாலயத்தின் குரு. எட்டுப் பிள்ளைகளுள் ஏழாமவர் ஜேன். குருவின் வருமானம் பெரிய குடும்பத்துக்குப் போதவில்லை. ஆகவே அவர் மாணவர்களை வீட்டில் தங்கவைத்துக் கற்பித்தார். மகள் தமது நூலகத்தை விரும்பியவாறு பயன்படுத்த இடமளித்தார். 1797 இல் மகளின் நாவலொன்றை ஏற்குமாறு இலண்டன் பதிப்பாளர் ஒருவருக்குக் கடிதம் எழுதியவரும் அவரே. கையெழுத்துப் பிரதியைப் பாராமலே பதிப்பாளர் மறுத்துவிட்டார். பின்னாளில் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' ஆக உருப்பெற்றது அந்த நாவலே.

அக்காலத்து இங்கிலாந்தில் மணமான பெண்ணின் உடைமைகள் பெரும்பாலும் கணவனின் கைக்கே போயின. பல குடும்பங்களில் நிலபுலம் ஆண் வாரிசுக்கே உரியதாக எழுதிவைக்கப்பட்டிருந்தது. மகள்மாருக்குக் கிடைத்தது சீதனப் பணமே. அதுவும் இல்லாதவளுக்கு மணவாழ்க்கை எட்டாக்கனி. இருபதாவது வயதையொட்டி ஜேனுக்கு டொம் லெஃப்ரோய் என்ற இளைஞரோடு நட்பு மலர்ந்தது. இருவரிடமும் பொருள் இல்லாத நிலையில் அது திருமணத்தை எட்டவில்லை.

1802 டிசம்பரில் ஹரிஸ் பிக்-விதர் என்ற செல்வந்தக் குடும்பத்து வாரிசு அவரை மணக்கக் கேட்டார். ஜேன் இசைந்தார். ஓர் இரவு கழிந்தது. மறுநாட் காலையில் தமது சம்மதத்தை மீட்டுக்கொண்டார். தமக்கும் தாய்க்கும் தமக்கை கசன்ட்ராவுக்கும் ஆயுட்காலப் பாதுகாப்புத் தரக்கூடிய இல்லம் ஒன்றை அந்தக் காலைப்பொழுதில் அவர் கைவிட்டார்.

அதன் விலையை அவர் விரைவில் செலுத்த நேர்ந்தது. 1805 ஜனவரியில் தந்தை காலமானார். மூன்று பெண்களும் சகோதரர்கள் ஆண்டுதோறும் கொடுத்த உதவிப் பணத்தை நம்பி, ஊர் ஊராக வீடு மாறி வாழ்ந்தனர். செல்வந்த உறவினருக்குத் தத்துப் பிள்ளையாகச் சென்ற சகோதரர் எட்வர்ட், 1809 இல் சோட்டன் கிராமத்தில் சிறிய வீடொன்றைக் கொடுத்த பின்னரே அவர்களுக்கு நிலையான இருப்பிடம் கிட்டியது.

அந்த வீட்டிலிருந்தே நாவல்கள் வெளிவந்தன. 1811 இல் வந்த 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி' நூலில் ஆசிரியரின் பெயர் இல்லை. ஒரு சீமாட்டி எழுதியது என்ற குறிப்பு மட்டுமே இருந்தது. 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலின் முழு உரிமையையும் 110 பவுணுக்கு அவர் விற்றுவிட்டார். அந்நூல் 1813 இல் வெளிவந்தது. பின்னைய பதிப்புகளின் இலாபம் அவருக்குக் கிட்டவில்லை.

மன்னர் மூன்றாம் ஜோர்ஜ் மனநோயுற்றிருந்த 1811 முதல் 1820 வரை, அவருடைய மகன் பதிலரசராக ஆட்சி செய்தார். இதுவே 'ரீஜென்சி' காலம். கண்டி இராச்சியத்தோடு மாத்தளையும் பிரித்தானிய முடியின் கீழ் வந்தது இதே காலத்தில், 1815 மார்ச் மாதத்தில்தான். அவ்வாண்டு டிசம்பரில் வெளியான 'எம்மா' நாவல், அரண்மனையின் விருப்பத்துக்கிணங்க அந்த இளவரசருக்கே சமர்ப்பிக்கப்பட்டது.

ஈராண்டுகள் கழியுமுன், 1817 ஜூலை 18 ஆம் திகதி, தமது 41 ஆவது வயதில் ஜேன் மறைந்தார். வின்செஸ்டர் பேராலயத்திலுள்ள அவரது கல்லறைக் கல், அவர் நாவல்கள் எழுதியதைக் குறிப்பிடவில்லை. அவ்வாண்டின் இறுதியில் எஞ்சிய இரு நாவல்களும் வெளிவந்தபோதே, சகோதரர் ஹென்றி ஆசிரியரின் பெயரை உலகறியச் செய்தார்.

இந்தக் குடும்பத்தின் ஒரு கிளை நம் நாட்டு மண்ணில் உறங்குகிறது. கடைசிச் சகோதரர் சார்ள்ஸ் கடற்படை வீரர். இளமையில், பகைக் கப்பலைப் பிடித்ததற்காகக் கிடைத்த பணத்தில் தமக்கையர் இருவருக்கும் புஷ்பராகச் சிலுவைகள் வாங்கிக் கொடுத்தவர். 1852 இல் பர்மாவில் போர்ப் பணியின்போது இறந்த அவர், திருகோணமலையில் அடக்கம் செய்யப்பட்டார்.

ஜேனுக்குப் பின் மறுகதைகள் பெருகின. 1935 இல் ஜோர்ஜட் ஹேயர் எழுதிய 'ரீஜென்சி பக்' முதலாக, அக்காலத்தைக் களமாகக் கொண்ட காதல் நாவல்கள் தனித்துறையாக வளர்ந்தன. அவற்றுட் பலவற்றில் நடன மண்டபமும் குதிரை வண்டியும் இருக்கின்றன. சீதனம் இல்லாத மகளின் அச்சம் மங்கிவிடுகிறது. சில ஆக்கங்கள் அந்த அச்சத்தை மறக்கவில்லை. ராஜீவ் மேனனின் 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' (2000) திரைப்படத்தில், உயிலால் சொத்தை இழந்த தாயும் மகள்மாரும் செட்டிநாட்டு மாளிகையை விட்டுச் சென்னைக்குப் போகின்றனர். சோனியா கமால் 'அன்மேரியபிள்' (2019) நாவலில் பாகிஸ்தானிலும், உஸ்மா ஜலாலுதீன் 'ஆயிஷா அட் லாஸ்ட்' (2018) நாவலில் ரொறன்ரோவின் முஸ்லிம் குடும்பங்களுக்குள்ளும் எலிசபெத்தைப் பிறக்கவைத்தனர்.

இக்கதை நம்மிடையே எளிதில் வேர்கொள்வதற்குக் காரணம் உண்டு. மணமான ஆங்கிலப் பெண்ணுக்கு 1870, 1882 ஆம் ஆண்டுச் சட்டங்களே சொத்துரிமையை வழங்கின. இஸ்லாமோ பல நூற்றாண்டுகளுக்கு முன்பே மகளுக்கு வாரிசுப் பங்கையும், மணமகளுக்கு மஹரையும் உரித்தாக்கியது. ஆயினும் கைக்கூலி நம் சமூகத்தில் நுழைந்தது. 1951 ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டமே அதனை மீளப் பெறுவதற்கு விதி வகுக்கவேண்டிய அளவுக்கு அது வேரூன்றியது. தமிழ் வீடுகளிலும் சீதனப் பேச்சு ஓய்ந்தபாடில்லை. பெண்ணின் படிப்பையும் குணத்தையும் விசாரித்த பின்னர், குரலைத் தாழ்த்திக் கேட்கப்படும் கடைசிக் கேள்வி எதுவென்பதை இரு சமூகத்தவரும் அறிவர்.

ஜேன் ஒஸ்டின் காதலை மட்டும் எழுதியவர் அல்லர். வீடும் பணமும் இல்லாத பெண் எவ்வாறு தன்மானத்தோடு வாழ்வது என்ற கேள்வியை எழுதியவர். அதற்குரிய விடையைத் தம் வாழ்வில் தாமே கொடுத்தவர். அவருடைய கதைகளின் இனிய வடிவங்களை மகளின் கையில் கொடுக்கும் பெற்றோர், சம்மதத்தை மீட்டுக்கொண்ட அந்தக் காலைப்பொழுதையும் அவளுக்குச் சொல்லவேண்டும். மகனிருந்தால் அவனுக்கும் சொல்லவேண்டும்.