மூன்றாம் முறை தேறிய சுப்பாராவ்



ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று கேட்டபோது, மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு படிக்கிறவன் லேத்தைப் பற்றியோ டீசல் இன்ஜினைப் பற்றியோ எழுதுவான் என்றுதான் மலர்க்குழு நினைத்திருக்கும். நான் எழுதப்போவது ஒரு டாக்டரைப் பற்றி. அவர் பெயர் எல்லாப்பிரகட சுப்பாராவ். அறிவியல் உலகம் நன்றாக அறிந்த பெயர். அவர் இறந்து முக்கால் நூற்றாண்டு தாண்டிவிட்டது. ஆனாலும் அவர் கை பட்ட மருந்து ஏதாவது ஒன்று நம் ஒவ்வொருத்தர் வீட்டுக்குள்ளும் வந்து போயிருக்கும். என் வீட்டுக்கு வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பத்தாம் வகுப்பில் செல் பிரிதலும் நரம்பு மண்டலமும் நம் எல்லோரும் படித்ததுதான். புரோஃபேஸ், மெட்டாஃபேஸ், அனாஃபேஸ், டீலோஃபேஸ் என்று நான்கு வட்டம் போட்டு, உள்ளே நூல் நூலாகக் குரோமோசோம் வரைந்து, முழு மார்க் வாங்கியவன் நான். நியூரானும் அழகாக வரைவேன். பரீட்சை முடிந்ததும் உயிரியலுக்கு ஒரு முழுக்குப் போட்டுவிட்டுப் பாலிடெக்னிக் வந்தாச்சு. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அப்பா கொத்து வேலைக்குப் போகிறார். அம்மா தோவாளையில் பூக் கட்டுகிறாள்.

நான் முதலாம் ஆண்டு படிக்கும்போது அக்காவுக்கு முதல் குழந்தை பிறந்தது. முதுகுத்தண்டின் கீழ்ப்பக்கம் மூடாமல் பிறந்த குழந்தை. மூன்றாம் நாள் போய்விட்டது. கிரகணத்தன்று அக்கா முற்றத்தில் நின்றதுதான் காரணம் என்று பாட்டி சொன்னாள். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தபடி கிடந்தாள். படித்த பிள்ளை என்று பெயரெடுத்த எனக்கும் ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. மார்க் வாங்கிய படங்கள் எதுவும் அன்றைக்கு உதவவில்லை.

சில மாதம் கழித்துக் கிராம சுகாதார நர்ஸ் வீட்டுக்கு வந்தார். திண்ணையில் உட்கார்ந்து அக்காவிடமும் அத்தானிடமும் பொறுமையாகப் பேசினார். இதில் யார் தப்பும் இல்லை, அடுத்த குழந்தை வேண்டும் என்று நினைக்கும்போதே டாக்டரைப் பார்க்க வேண்டும், உண்டாவதற்கு முன்பிருந்தே ஒரு மாத்திரை சாப்பிட வேண்டும் என்றார். அக்கா அப்படியே செய்தாள். சின்ன மஞ்சள் மாத்திரை. அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். ஃபோலிக் அமிலம் என்று போட்டிருந்தது. இவ்வளவு பெரிய துக்கத்துக்கு இவ்வளவு சின்ன மாத்திரையா என்று தோன்றியது. இதைக் கண்டுபிடித்தது யார் என்று தேடியபோதுதான் சுப்பாராவ் கிடைத்தார்.

அவர் பிறந்தது 1895 ஜனவரி 12-ஆம் தேதி, அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த பீமவரம் என்ற ஊரில். இன்றைக்கு அது ஆந்திராவில் இருக்கிறது. வசதி இல்லாத பெரிய குடும்பம். பதின்மூன்று வயசில், காசிக்குப் போய் யாத்திரைக்காரர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணக்காரன் ஆகலாம் என்று வீட்டை விட்டு ஓடினார். வழியிலேயே பிடித்துக் கூட்டி வந்தார்கள். படிப்பு ஏறவில்லை. மெட்ரிக்குலேசன் பரீட்சையில் முதல் தடவை தோல்வி. இரண்டாம் தடவையும் தோல்வி. இடையில் அப்பாவும் இறந்துபோனார். அம்மா வெங்கம்மா விடவில்லை. நகையை விற்றுப் படிக்க அனுப்பினார். மூன்றாம் தடவை, சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் இருந்து எழுதித் தேறினார்.

இந்த இடத்தைப் படித்ததும் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

மாநிலக் கல்லூரியில் படித்த பிறகு அவருக்குத் துறவியாகப் போக ஆசை. அம்மா சம்மதிக்கவில்லை. சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அது காந்தி அந்நியத் துணியை விடச் சொன்ன காலம். சுப்பாராவ் அறுவை சிகிச்சை வகுப்புக்குக் கதர் அங்கி போட்டுக்கொண்டு போனார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. படிப்பு முடிந்தபோது எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை. அதற்கு ஒரு படி கீழே உள்ள எல்.எம்.எஸ். சான்றிதழ்தான் கிடைத்தது. அரசு மருத்துவப் பணிக்கு முயன்றார், அதுவும் கிடைக்கவில்லை. டிகிரி படித்தவன் முன்னால் டிப்ளமோ படித்தவன் எப்படி நிற்கிறான் என்று நமக்குத் தெரியும். அதே நிலைமைதான் அவருக்கும். ஆயுர்வேதக் கல்லூரி ஒன்றில் உடற்கூறு கற்பித்துக் காலம் தள்ளினார்.

அவர் மனசில் ஒரு காயம் இருந்தது. அவருடைய சகோதரர்கள் இரண்டு பேர் சில நாள் இடைவெளியில் ஸ்புரூ என்ற குடல் நோயில் இறந்தார்கள். சாப்பிடுவது உடம்பில் ஒட்டாது, இரத்தம் சுண்டிப்போகும், ஆள் உருகிப்போவான். அன்றைக்கு அதற்கு நல்ல மருந்து கிடையாது.

1922 அக்டோபரில், மாமனார் தந்த பணத்தோடும் ஒரு தர்ம நிதியின் உதவியோடும் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் போய் இறங்கினார். ஊரில் இளம் மனைவி சேஷகிரி பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தார். ஹார்வர்டில் வெப்பமண்டல நோய்கள் பற்றிய படிப்பு. அங்கே அவர் வாங்கிய முதல் சான்றிதழும், நண்பர்களே, ஒரு டிப்ளமோதான்! செலவுக்காக இரவில் ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் மலச்சட்டி கழுவும் வேலை செய்தார்.

அதன் பிறகு உயிர்வேதியியல் துறையில் சைரஸ் ஃபிஸ்க் என்பவரோடு சேர்ந்தார். இரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க இருவரும் ஒரு முறையை 1925-இல் வெளியிட்டார்கள். பாஸ்பரஸ் இருந்தால் கரைசல் நீலமாகும். நீலம் கூடினால் பாஸ்பரஸ் கூடுதல். ஃபிஸ்க்-சுப்பாராவ் முறை என்று இன்றும் அதற்குப் பெயர். அந்த நீலத்தைப் பிடித்துக்கொண்டே போய், 1927-இல் தசையில் இருந்து பாஸ்போகிரியேட்டினையும், 1929-இல் ஏ.டி.பி.யையும் கண்டெடுத்தார்கள். அதே வருடம் ஜெர்மனியில் கார்ல் லோமான் என்பவரும் ஏ.டி.பி.யைத் தனியாகக் கண்டுபிடித்தார். இன்ஜினுக்கு டீசல் எப்படியோ அப்படித் தசைக்கு ஏ.டி.பி. மூளையில் இருந்து விரலுக்குச் செய்தி போவதற்கு நரம்பு செலவழிப்பதும் இதைத்தான். 1930-இல் அவருக்கு முனைவர் பட்டம் கிடைத்தது. ஆனால் ஹார்வர்டில் நிலையான வேலை கிடைக்கவே இல்லை. 1940-இல் நியூயார்க் மாநிலத்தில் பேர்ல் ரிவர் என்ற ஊரில் இருந்த லெடர்லே மருந்துக் கம்பெனியில் சேர்ந்து, அதன் ஆராய்ச்சித் தலைவர் ஆனார்.

ஃபோலிக் அமிலத்தின் கதை நம் நாட்டில்தான் தொடங்குகிறது. பம்பாயில் துணி ஆலைக் குடும்பங்களைச் சேர்ந்த கர்ப்பிணிப் பெண்களின் இரத்தசோகையை லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டரம்மா ஆராய்ந்தார். ஈஸ்ட் சத்தைக் கொடுத்தால் குணமாகிறது என்று 1931-இல் எழுதினார். அதில் இருக்கும் பொருள் எது என்று தெரியவில்லை. 1941-இல் அமெரிக்காவில் டன் கணக்கில் பசலைக்கீரையை அரைத்து அந்தப் பொருளைச் செறிவாக எடுத்தவர்கள் அதற்கு ஃபோலிக் என்று பெயர் வைத்தார்கள். இலை என்பதற்கான லத்தீன் சொல்லில் இருந்து வந்த பெயர். முருங்கைக்கீரையைத் தின்னு மக்கா என்று நம் வீட்டில் சும்மா சொல்லவில்லை. ஆனால் கீரையில் இருந்து எடுத்தால் ஊருக்கெல்லாம் காணுமா? சுப்பாராவின் குழு அதைத் தனியாகப் பிரித்து, அமைப்பைக் கண்டு, 1945-இல் ஆய்வுக்கூடத்திலேயே செய்து காட்டியது. சகோதரர்களைக் கொண்டுபோன ஸ்புரூவுக்கு அது நல்ல மருந்து என்று அடுத்து வந்த சோதனைகளில் தெரிந்தது. அண்ணன் தம்பிக்குக் கொடுக்க முடியாததை ஊருக்குக் கொடுத்தார்.

இந்த ஃபோலிக் அமிலம் உடம்பில் என்ன செய்கிறது? ஒரு செல் இரண்டாகப் பிரிய வேண்டும் என்றால், முதலில் டி.என்.ஏ.யை இரண்டு பிரதி ஆக்க வேண்டும். அதற்குத் தேவையான தைமின் என்ற பொருளைச் செய்ய ஃபோலிக் அமிலம் வேண்டும். அது இல்லாவிட்டால் பிரதி எடுக்க முடியாது, பிரிதல் நின்றுபோகும். நான் வரைந்த அந்த நான்கு வட்டத்துக்கும் முன்னால் நடக்கிற வேலை இது. வேகமாகப் பிரிகிற இடத்தில்தான் குறை முதலில் தெரியும். இரத்தம் ஊறும் எலும்பு மஜ்ஜை ஒன்று, வயிற்றில் வளரும் சிசு ஒன்று.

நமக்குப் பழக்கமான ஷீட் மெட்டல் வேலையை நினைத்துப் பாருங்கள். தட்டையான தகட்டை மடித்து, ஓரத்தோடு ஓரம் சேர்த்துக் குழாய் ஆக்குகிறோம். சிசுவின் முதுகிலும் இதே மாதிரி ஒரு செல் தகடு மடிந்து குழாயாகிறது. அதன் மேல்முனை மூளையாகும், மீதி தண்டுவடமாகும். கரு உருவான 28 நாளுக்குள் இந்தக் குழாய் மூடிவிட வேண்டும். செல்கள் போதுமான வேகத்தில் பெருகாவிட்டால் ஓரம் சேராது, திறந்தே நின்றுவிடும். அந்த நாட்களில் பல பெண்களுக்குத் தாங்கள் உண்டாகியிருப்பதே தெரியாது. முன்பிருந்தே மாத்திரை போடச் சொன்னதன் காரணம் இதுதான். ஏற்கெனவே இப்படி ஒரு குழந்தை பிறந்த தாய்மார்களிடம் ஏழு நாடுகளில் செய்த ஆய்வு 1991-இல் வெளிவந்தது. முன்கூட்டியே ஃபோலிக் அமிலம் எடுத்துக்கொண்டால், மறுபடியும் இந்தக் குறை வருவதில் 100-க்கு 72 பங்கைத் தடுக்கலாம் என்று அது காட்டியது. எல்லாவற்றையும் தடுக்க முடியாது. ஆனால் கிரகணம் காரணம் இல்லை என்று இப்போது என்னால் பாட்டியிடம் சொல்ல முடியும். சொல்லியும் விட்டேன்.

சுப்பாராவ் அதோடு நிற்கவில்லை. வளர்ச்சிக்குத் தேவையான பொருளைக் கொடுப்பவர் வளர்ச்சியை நிறுத்தவும் முடியும் அல்லவா? இரத்தப் புற்றுநோயில் வெள்ளை அணுக்கள் கணக்கில்லாமல் பிரிகின்றன. ஃபோலிக் அமிலத்தைப் போலவே தோற்றம் உள்ள, ஆனால் அந்த வேலையைச் செய்யாத பொருள்களை அவர் குழு செய்தது. மரை கொஞ்சம் மாறின போல்ட்டை நட்டில் போட்டால் பாதியில் இறுகி நிற்குமே, அந்த மாதிரி. 1947-இல் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற டாக்டர், முற்றிய நிலையில் இருந்த குழந்தைகளுக்கு அமினாப்டெரின் என்ற அந்த மருந்தைக் கொடுத்தார். 16 பேரில் 10 பேருக்கு நோய் தணிந்தது. தற்காலிகமாகத்தான். ஆனாலும் அதற்கு முன் அந்தக் குழந்தைகளுக்கு அதுவும் கிடையாது. அதே குடும்பத்து மருந்தான மெத்தோட்ரெக்சேட் இன்றும் புற்றுநோய்க்கும் மூட்டுவாதத்துக்கும் கொடுக்கப்படுகிறது.

யானைக்கால் நோய்க்குக் கொடுக்கும் டி.இ.சி. மாத்திரையும் அவர் குழுவில் இருந்து வந்ததுதான். வீங்கிய காலை அது பழையபடி ஆக்காது. இரத்தத்தில் திரியும் புழுக்குஞ்சுகளைக் கொல்லும். எங்கள் தெருவில் யானைக்கால் கண்ட தாத்தா ஒருவர் இருந்தார். வாசலை விட்டு வரமாட்டார். அவரை நினைத்துக்கொண்டுதான் இந்த வரியை எழுதுகிறேன். டெட்ராசைக்ளின் வகை மருந்துகளில் முதலாவதான ஆரியோமைசினும் அவர் தலைமையில் இருந்தபோது பெஞ்சமின் டக்கர் என்ற விஞ்ஞானி கண்டுபிடித்தது.

1948 ஆகஸ்டில், 53 வயசில், தூக்கத்திலேயே சுப்பாராவ் இறந்துபோனார். அமெரிக்கக் குடியுரிமை எடுத்துக்கொள்ளவில்லை. நோபல் பரிசும் வரவில்லை. 1922-க்குப் பிறகு ஊர் திரும்பவும் இல்லை. பிறந்த மகன் கைக்குழந்தையாகவே இறந்தான், அப்பா முகம் பார்க்கவில்லை. மனைவி கடைசி வரை இங்கே காத்திருந்தார். பெரிய மனிதர்களின் கதையில் இந்தப் பக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். அவர் படித்த படிப்புக்கு சேஷகிரியம்மாவும் விலை கொடுத்திருக்கிறார். அவர் பிறந்து நூறு ஆண்டு ஆனபோது, 1995-இல், இந்திய அரசு அவர் படம் போட்ட தபால்தலை வெளியிட்டது.

நண்பர்களே, மூன்றாம் தடவை என்று படித்ததும் ஏன் புத்தகத்தை மூடினேன் என்று சொல்லவில்லையே. முதலாம் ஆண்டுக் கணக்குப் பேப்பரில் எனக்கு அரியர். இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் போய்விட்டது. போன தடவை ரிசல்ட் வந்த அன்றைக்கு அப்பா திட்டவில்லை. சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது, வேண்டாம்னா விட்டுரு மக்கா, நாளைக்கே என்கூடச் சித்தாள் வேலைக்கு வா என்றார். அன்பாகத்தான் சொன்னார். அதுதான் கூடுதலாக வலித்தது. அந்த வாரத்தில்தான் சுப்பாராவைப் படித்தேன்.

மூன்றாம் தடவை எழுதுகிறவர்கள் எல்லோரும் சுப்பாராவ் ஆகிவிட முடியாது. அது எனக்கும் தெரியும். ஆனால் அந்த மூன்றாம் தடவை அவர் எழுதாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். வேறு யாராவது, என்றைக்காவது அந்த மாத்திரையைச் செய்திருப்பார்கள். என் அக்காவுக்கு முன்னால் இன்னும் எத்தனை அக்காமார் சுவரைப் பார்த்துக் கிடந்திருப்பார்களோ.

என் மருமகளுக்கு இப்போது எட்டு மாதம். முதுகு நேராக இருக்கிறது. தவழ்ந்து வந்து என் டிராயிங் ஷீட்டைக் கிழிக்கிறாள். நான் கணக்கு நோட்டைத் திறந்து வைத்திருக்கிறேன். வருகிற ஏப்ரலில் மூன்றாம் தடவை எழுதப் போகிறேன். அரியர் வைத்திருக்கும் நண்பர்களே, நீங்களும் எழுதுங்கள். ஹாலில் சந்திப்போம்.



— மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை