உடம்பில் எத்தனை லிட்டர் தண்ணீர்? – விஞ்ஞானி ஹெவெசியின் கதை

ஏறி நின்றால் கொழுப்பு, தசை, தண்ணீர் என்று தனித்தனியாகச் சதவீதம் காட்டும் எடைக்கருவிகள் இப்போது பல ஜிம்களில் வந்துவிட்டன. உடம்பில் உள்ள தண்ணீரை முதன்முதலில் கனநீர் கொண்டு அளந்தவர் ஜார்ஜ் டி ஹெவெசி.

1885 ஆகஸ்ட் 1 அன்று ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் பிறந்தவர். 1911இல் மான்செஸ்டரில் ரூதர்ஃபோர்டிடம் ஆய்வு செய்தபோது ஒரு விடுதியில் தங்கியிருந்தார். மீந்த இறைச்சியையே விடுதி அம்மாள் மறுபடி சமைத்துப் போடுகிறார் என்று அவருக்குச் சந்தேகம். தட்டில் மீந்ததில் துளி கதிரியக்கப் பொருளைக் கலந்து வைத்தார். பிறகு பரிமாறப்பட்ட உணவை ஆய்வகக் கருவியால் சோதித்தார். குட்டு வெளிப்பட்டது! ஒரு பொருளுக்கு அடையாளம் இட்டு, அது போகும் வழியைப் பின்தொடர்வது; இதுவே அவருடைய வாழ்நாள் வேலையாயிற்று.

நம் சம்ப்பில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று இறங்கிப் பார்க்காமல் சொல்ல முடியுமா? அளந்த உப்பைப் போட்டுக் கலக்கி, ஒரு டம்ளர் எடுத்து, அதில் உப்பு எவ்வளவு என்று பார்த்தால் போதும். 1934இல் ஹெவெசியும் ஹோஃபரும் மனித உடலில் செய்தது இதைத்தான். உப்புக்குப் பதில் கனநீர். டம்ளருக்குப் பதில் சிறுநீர். சுமார் 43 லிட்டர், அதாவது எடையில் 63 சதவீதம் என்று விடை வந்தது. உள்ளே போன நீரில் பாதி வெளியேற ஏறக்குறைய 9 நாள் ஆவதையும் கண்டார்கள்.

தசை முதலான கொழுப்பில்லாத பகுதியில் சுமார் 73 சதவீதம் தண்ணீர். கொழுப்பில் மிகக் குறைவு என்பது பின்னர் தெளிவானது. 70 கிலோ எடையுள்ள இருவரை எடுத்துக்கொள்வோம். 10 சதவீதக் கொழுப்புள்ள விளையாட்டு வீரர் உடம்பில் சுமார் 46 லிட்டர் தண்ணீர். 30 சதவீதக் கொழுப்புள்ளவர் உடம்பில் சுமார் 36 லிட்டர். சாதாரணத் தராசுக்கு இருவரும் ஒன்றுதான்.

ஹெவெசி யூத வம்சத்தில் பிறந்தவர். நாஜி ஆட்சி வந்ததும் ஜெர்மனியை விட்டு டென்மார்க் போனார். 1940இல் ஜெர்மன் படை கோபன்ஹேகனில் நுழைந்தபோது, லாவே, ஃபிராங்க் இருவருடைய தங்க நோபல் பதக்கங்கள் அங்கிருந்த ஆய்வுக்கூடத்தில் பாதுகாப்பில் இருந்தன. தங்கத்தை வெளிநாட்டுக்கு அனுப்புவது ஜெர்மனியில் பெரிய குற்றம். பதக்கங்களை ஹெவெசி இராஜ திராவகத்தில் கரைத்து, புட்டியை அலமாரியில் வைத்துவிட்டார். போர் முடிந்து வந்து பார்த்தால் புட்டி அப்படியே இருந்தது! அந்தத் தங்கத்திலேயே பதக்கங்கள் மறுபடி வார்க்கப்பட்டன. அவருக்கும் 1943ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. 1966 ஜூலை 5 அன்று ஃப்ரைபுர்க்கில் காலமானார்.

ஜிம் கருவி கனநீர் கொடுப்பதில்லை. லேசான மின்சாரத்தை உடம்பில் செலுத்தி, தண்ணீரைக் கணித்து, அதிலிருந்து கொழுப்பை ஊகிக்கிறது. வியர்க்க ஓடிவிட்டு வந்தாலும், இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தாலும் எண் மாறலாம். எனவே, ஒரு நாள் எண்ணைப் பார்த்துக் கவலையோ பெருமையோ வேண்டாம். காலையில், சாப்பிடுமுன், ஒரே கருவியில் மாதம் ஒருமுறை பார்த்துக் குறித்து வைத்தால் போதும்.