நாகஸ்வரச் சக்கரவர்த்தி

நம்ம திருவொற்றியூர்த் தேர்த் திருவிழாவில் நாகஸ்வரம் கேட்காதவர் யார்? அந்த வாத்தியத்தின் சக்கரவர்த்தி டி.என்.ராஜரத்தினம் பிள்ளை அவர்களைப் பற்றி எழுத விரும்புகிறேன்.

1898-ஆம் ஆண்டு திருமருகலில் பிறந்தார். திருவாவடுதுறை ஆதீன வித்வானாக இருந்தார். தோடி ராகத்தை மணிக்கணக்கில் வாசிப்பார். எழுதி வைத்து வாசிப்பதில்லை. எல்லாம் அந்த நேரத்துக் கற்பனை. அமெரிக்காவில் ஜாஸ் கலைஞர்கள் மேடையிலேயே இசையை உருவாக்குகிறார்களே, அதே வித்தைதான்!

அடுத்து எந்தப் பக்கம் திரும்புவார் என்று கூட வாசிப்பவருக்கும் தெரியாது. காதுதான் வழிகாட்டி. நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை போன்ற தவில் மேதைகள் அவருக்கு ஈடு கொடுத்தார்கள். இவர் இடம் விட்டால் தவில் பேசும். அதைக் கேட்டு இவர் கற்பனை இன்னும் விரியும்.

டிப்ளமோ படிக்கும் நமக்கு இன்னொரு செய்தியும் உண்டு. பழைய திமிரி நாயனம் குட்டையானது, சுருதி அதிகம். நீளமான பாரி நாயனத்தைப் பரப்பியவர் இவர். அதில் சுத்த மத்தியமம் சரியாக ஒலிக்கும்படி அளவுகளை மாற்றிக் கடைந்து கொடுத்தவர் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆச்சாரி. வித்வானின் காதும் ஆச்சாரியின் கையும் சேர்ந்த வேலை அது.

நாகஸ்வரக்காரர்களுக்கு உரிய மரியாதை கிடைக்காத காலத்தில், மேடையில் சமமாக உட்கார்ந்து வாசித்தவர் அவர். கிராப்பு வைத்து, ஷெர்வானி போட்டு, தலைநிமிர்ந்து நின்றார். 1956 டிசம்பர் 12-இல் மறைந்தார்.

பேர் ஒருத்தருக்குத்தான் போகும். வேலை பல பேரோடது. என் வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். நாளைக்கு நாம் சூப்பர்வைசர் ஆனாலும், பக்கத்தில் டூல் பிடிக்கிறவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்போம். அவரையும் சமமாக உட்கார வைப்போம். வாழ்க அவர் புகழ்!