உ.வே.சா.வும் பேக்ரவுண்ட் த்ரெட்டும்

எங்க ப்ராஜெக்ட் ஆப்ல சேவ் பட்டனைத் தட்டினா ஸ்க்ரீன் உறைஞ்சு நின்னுடும். ஃபைல்ல எழுதுற வேலையையும் மெயின் த்ரெட்லயே போட்டிருந்தோம். தொட்டதுக்கு 5 செகண்ட் பதில் இல்லன்னா ஆண்ட்ராய்டு ஆப்பை மூடச் சொல்லிடும். அதைச் சரி பண்ணும்போது ஞாபகம் வந்தவர் உ.வே.சாமிநாதையர்.

1855ல் பிறந்த உத்தமதானபுரத்துக்காரர். மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையோட மாணவர். 1880ல் கும்பகோணம் கல்லூரியில தமிழாசிரியர் ஆனார். அந்த வருஷமே சேலம் இராமசுவாமி முதலியார்ங்கிற முன்சீப், சீவக சிந்தாமணி படிச்சதுண்டான்னு கேட்டார். படிச்சதில்ல. ஏடு தேடுற வேலை அங்க ஆரம்பிச்சது.

ஏடுன்னா பனை ஓலை. செல்லரிக்கும், தொட்டா ஓரம் முறியும். கரிவலம்வந்தநல்லூர் கோயிலுக்குத் தேடிப் போனா, பழைய ஏடுகளை நெய்யில தோய்ச்சு ஹோமத்துல போட்டாச்சுன்னாங்க. பேக்கப் இல்லாத டெலீட்!

இவ்வளவு அவசரத்துலயும் அவர் வகுப்பை நிறுத்தல. பகல்ல பாடம், காலேஜ் விட்டதும் ராத்திரி வரைக்கும் ஏடு. ஒருத்தர் வாசிக்க, இன்னொருத்தர் எழுத. (சொல்லப்போனா ரெண்டு த்ரெட்டுக்கும் ப்ராசஸர் அவர் ஒருத்தர்தான்.) ஒரே பிரதியை அவர் நம்பல. பல ஊர் ஏடுகளை ஒப்பிட்டு, வித்தியாசங்களைக் குறிச்சு, அப்புறம்தான் அச்சுக்கு அனுப்பினார்.

எங்க ஆப்லயும் இப்போ அதேதான். பேக்ரவுண்ட் த்ரெட் புது டேட்டாவைத் தற்காலிக ஃபைல்ல முழுசா எழுதும். சரியா விழுந்த பிறகுதான் அதுக்குப் பழைய ஃபைலோட பேரை வைக்கும். நடுவுல சார்ஜ் போனாலும் பழசு பத்திரமா இருக்கும். அவர் அச்சான பிறகும் ஓலையைத் தூக்கிப் போடல. சென்னை பெசன்ட் நகர்ல அவர் பேர்ல இருக்கிற நூலகத்துல அவர் சேர்த்த ஏடுகளை இன்னைக்கும் பார்க்கலாம்.

சிந்தாமணி 1887ல் வந்தது. சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894, மணிமேகலை 1898. 1903ல் சென்னை மாநிலக் கல்லூரிக்குப் போய் 1919ல் ஓய்வு பெற்றார். 1924ல் நம்ம சிதம்பரம்! மீனாட்சி தமிழ்க் கல்லூரிக்கு 1927 வரைக்கும் அவர்தான் முதல்வர். கடலூர்ல இருந்து பஸ்ல வர்ற நாம பார்க்கிற அண்ணாமலைப் பல்கலைக்கழகம், 1929ல் மீனாட்சிக் கல்லூரிகள்ல இருந்து உருவானதுதான்.

1942ல் போர் பயத்தால சென்னையை விட்டுத் திருக்கழுக்குன்றம் போனவர், ஏப்ரல் 28ஆம் தேதி அங்கேயே இறந்துட்டார். ஆனந்த விகடன்ல வாராவாரம் வந்துட்டிருந்த அவரோட 'என் சரித்திரம்' பாதியில நின்னுபோச்சு. கதை அப்போ மணிமேகலை காலத்தைத்தான் தொட்டிருந்தது. சிதம்பரத்துல இருந்த வருஷங்கள் அதுல வரவே இல்ல.