தாகத்தினால் கதறின சாது

சங்கீதம் 42:1-ல் மானின் தவிப்பைச் சொல்ல எபிரெய பாஷையில் ‘ஆராக்’ என்று ஒரு வார்த்தை வருகிறது. வேதத்தில் மூன்றே தரம்தான் இந்த வார்த்தை உண்டு. அந்த ஒரே வசனத்தில் இரண்டு தரம்: மானுக்கு ஒன்று, ஆத்துமாவுக்கு ஒன்று. மூன்றாவது, யோவேல் 1:20-ல், நதிகள் வற்றிப்போனபோது தவிக்கிற மிருகங்களுக்கு.

நம்ம காங்கேயம் பக்கத்துக் கொறங்காட்டில் மழை பொய்த்து, தண்ணித் தொட்டியும் காய்ந்துவிட்டால் மாடு என்ன செய்யும்? தீனியைக் காட்டினாலும் திரும்பிப் பார்க்காது. தலையைத் தூக்கிக் கத்தும். அதுதான் ஆராக்! கிடைத்தால் நல்லது என்பது ஆசை. கிடைக்காவிட்டால் பிழைக்கமாட்டேன் என்பது தாகம்.

இந்தத் தாகத்தோடு வாழ்ந்தவர் சாது சுந்தர்சிங். 1889 செப்டம்பர் 3-ந் தேதி பஞ்சாபில் ராம்பூர் என்ற கிராமத்தில் வசதியான சீக்கியக் குடும்பத்தில் பிறந்தார். பக்தியுள்ள தாயார், மகன் சாதுவாக வேண்டும் என்று வளர்த்தார். ஏழு வயதிலேயே பகவத் கீதை மனப்பாடம். ஆனாலும் உள்ளத்தில் சமாதானம் இல்லை. பதினாலு வயதில் தாயாரும் மரித்துப்போக, வெறுமை இன்னும் அதிகமாயிற்று. மிஷன் பள்ளியில் படித்த வேதத்தைப் பகைத்தார், சுவிசேஷத்தைக் கிழித்து நெருப்பில் போட்டார். அப்பவும் தாகம் தீரவில்லையே!

1904 டிசம்பரில் ஒரு விடியற்காலம். மெய்யான தெய்வம் தன்னைக் காட்டாவிட்டால் ஐந்து மணி ரயிலில் விழுந்து சாவது என்று தீர்மானித்து ஜெபித்தார். சாகத் துணிந்தது தப்பான முடிவுதான். ஆனால் அந்தக் கதறலைக் கர்த்தர் தள்ளவில்லை. அறையில் பிரகாசம் உண்டாயிற்று, தான் பகைத்த இயேசுவையே கண்டார். சாகப்போன பிள்ளை பிழைத்துக்கொண்டான். அல்லேலூயா!

வீட்டார் துரத்திவிட்டார்கள். 1905-ல் தன் பிறந்த நாளிலேயே சிம்லாவில் ஞானஸ்நானம் பெற்றார். அதன்பின் காவி உடுத்தி, செருப்பில்லாமல், கையில் காசில்லாமல் புறப்பட்டார். 1908 முதல் திபெத்துக்குப் போகலானார். 1918-ல் நம் தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் வந்தார். 1920-லும் 1922-லும் மேல்நாடுகளில் ஜனங்கள் திரள்திரளாய்க் கூடினார்கள். பேரும் புகழும் வந்தும் அதில் அவர் மயங்கவில்லை. விடியற்காலத் தனி ஜெபமே அவருக்குத் தண்ணீர். சரீரம் பலவீனப்பட்ட நிலையிலும் 1929 ஏப்ரலில் திரும்பத் திபெத்துக்குக் கிளம்பினார். திரும்பி வரவேயில்லை. அப்போது வயது 39.

தேவ ஜனமே, இதைக் கவனியுங்கள். கண்டுகொண்ட பிறகு அவர் தாகம் அடங்கிப்போகவில்லை, இன்னும் அதிகமாயிற்று.

பனியன் கம்பெனியில் நைட் ஷிப்ட் முடித்து வந்து முழங்கால் போட்டால், ஜெபம் வரமாட்டேங்குது, உள்ளம் வறண்டு கிடக்குது என்று அழுகிற சகோதரியே, சோர்ந்துபோகாதீங்க. செத்ததற்குத் தாகம் எடுக்காது. தவிப்பு இருக்கிறதென்றால் உங்களுக்குள் ஜீவன் இருக்கிறது. வார்த்தை வராவிட்டாலும் கதறுங்கள், அவருக்கு அது கேட்கும். நாம் பயப்பட வேண்டியது வறட்சிக்கு அல்ல, தாகமே இல்லாமல் ஆராதனைக்கு வந்து போவதற்குத்தான். கர்த்தர் தாமே நம் ஒவ்வொருவருக்கும் அந்தத் தாகத்தைத் தருவாராக. ஆமென்.