வேதவல்லி என்னும் பெயர்

மாமியார் பெயரை மருமகள் சொல்லலாகாது. ஆதலால் பாட்டியின் பெயர் பெற்ற பெண் மகவுக்குச் செல்லப் பெயரும் ஒன்றிடுவது நம்மவர் வழக்கம். கரிசல் மண்ணின் ஒட்டப்பிடாரத்தில் 1872-ல் பிறந்த தேசபக்தர் வ. உ. சிதம்பரம் பிள்ளையோ, நன்றியையும் உறவாக எண்ணிப் பெயரிட்டார்.

1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்ட அவர், 1908-ல் சிறை புகுந்து 1912-ல் மீண்டபோது, செல்வமும் வக்கீல் சன்னதும் இழந்து நின்றார். அவ்வறுமையில் தென்னாப்பிரிக்காவிலிருந்து பொருளுதவி செய்தவர் வேதியப் பிள்ளை. அவர் நினைவாகவே மகள் வேதவல்லி ஆனாள். சன்னது மீளத் துணை நின்ற நீதிபதி வாலஸின் பெயரால் ஒரு மகன் வாலேசுவரன் ஆனான். ஆங்கில ஆட்சியை எதிர்த்தவர், ஆங்கிலேயர் ஒருவரின் நன்மையை மறைத்தாரில்லை. பின்னர்க் கோவில்பட்டியில் வக்கீல் தொழில் நடத்தி, 1936-ல் தூத்துக்குடியில் மறைந்தார்.

தாம் பெற்ற உதவியை மக்களின் பெயராக்கி நாள்தோறும் உச்சரித்தார் அவர். அவரிடம் நாம் பெற்றதற்கு யாது செய்தோம்?