கணிப்பொறிக்கு மொழி தந்த கிரேஸ் ஹாப்பர்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (கணிப்பொறி அறிவியல்)

முன்னுரை

தவறு கண்டவிடத்துக் கடிந்து சொல்லும் துணையைப் பெறாத மன்னன், பகைவர் இல்லாமலே கெட்டுப்போவான் என்கிறார் வள்ளுவர். நிரல் எழுதும் நமக்கு அத்தகைய துணை கம்பைலர். அதற்கு வித்திட்டவர்களுள் முதன்மையானவர் கிரேஸ் ஹாப்பர் அம்மையார். அவர்தம் வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம்.

இளமையும் கல்வியும்

அம்மையார் 1906ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் நியூயார்க் நகரில் பிறந்தார். அலாரம் கடிகாரம் இயங்கும் விதத்தை அறிய விரும்பி, ஏழு வயதிலேயே வீட்டிலிருந்த ஏழு கடிகாரங்களையும் கழற்றிப் போட்டுவிட்டாராம்! வாசர் கல்லூரியில் கணிதமும் இயற்பியலும் பயின்று 1928இல் பட்டம் பெற்றார். 1934இல் யேல் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். தாம் பயின்ற வாசர் கல்லூரியிலேயே கணிதம் கற்பித்தார்.

கடற்படையில்

இரண்டாம் உலகப் போரின்போது கடற்படையில் சேர விரும்பினார். வயது அதிகம், எடை குறைவு என்று தடை சொன்னார்கள். அவர் தளரவில்லை. 1943இல் சிறப்பு அனுமதி பெற்றுச் சேர்ந்தார். 1944இல் ஹார்வர்டில், 51 அடி நீளமுள்ள மார்க் 1 கணிப்பொறிக்கு நிரல் எழுதும் பணி அவருக்குக் கிடைத்தது.

கம்பைலர் பிறந்த கதை

1949இல் யூனிவாக் கணிப்பொறியை உருவாக்கிய எக்கர்ட்-மாக்லி நிறுவனத்தில் சேர்ந்தார். அதன் நினைவகத்தில் 1000 சொற்கள். ஒவ்வொரு சொல்லிலும் 12 எழுத்துகள். எந்தத் தரவு எங்கே அமர்கிறது என்பதை நிரலாளரே கணக்கிட வேண்டும். முன்பே எழுதிய துணைநிரல்களை நோட்டிலிருந்து கையால் பார்த்தெழுதி, முகவரிகளைக் கூட்டி மாற்ற வேண்டும். பார்த்தெழுதுவதிலும் பிழை, கூட்டுவதிலும் பிழை!

இவ்வேலையைப் பொறியிடமே விட்டால் என்ன என்று அம்மையார் சிந்தித்தார். 1952இல் ஏ-0 என்னும் கம்பைலர் பிறந்தது. நாடாவிலுள்ள துணைநிரல்களை எடுத்துக் கோத்து, முகவரிகளைத் தானே சரிசெய்தது. கணிப்பொறி கணக்குத்தான் போடும், நிரல் எழுதாது என்று பலர் நம்ப மறுத்தனர். அவரோ ஆங்கிலச் சொற்களால் எழுதும் ஃப்ளோமேட்டிக் மொழியையும் படைத்தார். 1959இல் உருவாகத் தொடங்கிய கோபால் மொழிக்கு அதுவே அடிப்படையாயிற்று. தரவைச் சொல்லின் எல்லையில் சரியாக நிறுத்தும் 'சின்க்ரனைஸ்டு' என்ற குறிப்பு கோபாலில் உண்டு.

நான் கற்ற பாடம்

இன்று சி மொழியிலும் இச்சிக்கல் தொடர்கிறது. நான்கு பைட் முழு எண், பொதுவாக நான்கால் வகுபடும் முகவரியில் தொடங்க வேண்டும். இதுவே அலைன்மென்ட். தவறினால் சில செயலிகள் வேகம் குறையும். சில அங்கேயே நின்றுவிடும்.

சென்ற பருவத்தில், பைட் வரிசையின் நடுவிலிருந்து ஒரு முழு எண்ணைப் படிக்க முயன்றேன். கம்பைலர் எச்சரித்தது. நானோ சுட்டியை முதலில் 'வாய்ட்' வகைக்கு மாற்றி எச்சரிக்கையை மறைத்துவிட்டேன். மேசைக் கணிப்பொறியில் நிரல் ஓடியது. மைக்ரோகன்ட்ரோலர் பலகையில் ஏற்றியதும் நின்றுபோனது. இரண்டு நாள் தேடிய பிறகே காரணம் விளங்கியது. 'மெம்காப்பி' கொண்டு பைட்டுகளை முழு எண் மாறியில் நகலெடுத்ததும் சரியாயிற்று.

கொத்தனாரான என் தந்தை பள்ளிப் படிப்பை முடிக்காதவர். தூக்குக்குண்டு கோணலைக் காட்டினால் அவர் சுவரைப் பிரித்துக் கட்டுவார். குண்டை நகர்த்திவைக்க மாட்டார். கல்லூரிக்கு வந்த நான் செய்ததோ குண்டை நகர்த்திய வேலை!

முடிவுரை

அம்மையார் 1986இல், 79ஆம் வயதில், ரியர் அட்மிரலாக ஓய்வு பெற்றார். 1992 ஜனவரி முதல் நாள் மறைந்தார். அமெரிக்கக் கடற்படையின் போர்க்கப்பல் ஒன்று அவர் பெயரைத் தாங்குகிறது. மனிதர் பிழை செய்வர் என்பதை ஒப்புக்கொண்டதாலேயே அவர் அக்கருவியைப் படைத்தார். நண்பர்களே, அது நம்மைக் கடிந்துரைக்கும்போது வாயை அடைக்காமல், காது கொடுத்துக் கேட்போமாக!